ஆள் இல்லாத ஓவியம்

நான் பேய்க்குப் பயந்தவள் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது 2022 ஆகஸ்ட் 13, சனிக்கிழமை, பட்டப்பகலில். கையில் கடிகாரம் இருந்ததால் நிமிடக் கணக்கோடு சொல்ல முடியும். என் கணவன் டில்வின் இதை வெயில் மயக்கம் என்கிறான். டாக்டரும் அதையேதான் சொன்னார். சொல்லட்டும். வெயில் மயக்கத்தில் எனக்கு நடந்ததைப் போல ஒரு இழப்பு யாருக்காவது நடந்திருந்தால் வந்து சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

என் பெயர் லினெட். ஓவியம் வரைந்து விற்பது தொழில். வேல்ஸின் வடக்கே, மலைக்கு நடுவே எங்கள் ஊர். ஊருக்கு மேலே ஒரு ஏரி. ஏரிக்கு அடியில் இன்னொரு ஊர். அறுபதுகளில் இங்கிலாந்துப் பெருநகரம் ஒன்றுக்குத் தண்ணீர் வேண்டும் என்று அந்தப் பள்ளத்தாக்கை மூழ்கடித்தார்கள். சேப்பல் என்கிற சிறு தேவாலயம், பள்ளிக்கூடம், பதினோரு வீடு, எல்லாம் போயிற்று. எங்களில் யாரும் சம்மதிக்கவில்லை. எங்களை யாரும் கேட்கவும் இல்லை. அந்த ஆத்திரத்தில் இங்கே சிலர் பாட்டு எழுதினார்கள், சிலர் சுவரில் எழுதினார்கள். நான் அதைப் படமாக வரைந்து விற்றேன்.

மலை, மேகம், கல் சுவர், ஏரி. வாங்குகிறவர்கள் கோடைக்கு மட்டும் வந்து தங்குகிறவர்கள். அவர்களுக்குப் படத்தில் ஆள் இருந்தால் பிடிக்காது. ஆள் இருக்கும் படம் கடையில் தூசி படியும். ஆளில்லாத படம் ஒரே வாரத்தில் போய்விடும். மூழ்கிய வீடுகளில் ஹென்ட்ரெ வென் என்று ஒரு வீடு. அதை ஒரு பழைய தபால் அட்டையைப் பார்த்து முப்பத்தாறு தடவை வரைந்திருக்கிறேன். அட்டையில் வாசலில் ஒரு குடும்பமே நிற்கும். வரையும்போது அவர்களை விட்டுவிடுவேன். அவர்கள் யார் என்று விசாரித்ததில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. ஏரி வற்றி ஜூலைக் கடைசியில் ஹென்ட்ரெ வென்னின் சுவர்கள் வெளியே தெரிந்தன. முதல் தடவையாக நேரில் பார்த்து வரையலாம் என்று எனக்குக் கை அரித்தது. அந்தச் சனிக்கிழமை டில்வின் ஆட்டுச் சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"கரையிலேயே நில்லு. மேல காஞ்ச மாதிரி தெரியும், கீழ சேறு. போன வாரம் ரெண்டு ஆடு உள்ள போச்சு."

"நான் என்ன ஆடா?"

"ஆடு சொன்னா கேக்கும்."

மதியம் 12.50. கரையில் ஸ்டாண்டை நட்டுப் பலகையை வைத்தேன். எதிரே, முழுக்க வெடித்துக் கிடந்த சேற்றுத் தரையின் நடுவே அந்த வீடு. கூரை இல்லை. இடுப்பளவு சுவர்கள், உடைந்த புகைபோக்கி, ஒரு வாசல். எல்லாமே சாம்பல் நிறம். அறுபது வருஷ வண்டல் படிந்தால் அப்படித்தான் இருக்கும்.

வாசற்படி மட்டும் கறுப்பாக இருந்தது.

நல்ல கறுப்புக் கல். மழை பெய்து ஏழு வாரம் ஆகியிருந்தது. ஆனாலும் அந்தப் படி நனைந்திருந்தது. இப்போதுதான் யாரோ கழுவிவிட்டது போல...

ஊற்று ஏதாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வரைய ஆரம்பித்தேன்.

1.15 இருக்கும். ஒரு சத்தம் கேட்டது. சர்ர்... சர்ர்... சர்ர்... முரட்டு பிரஷ்ஷால் கல்லைத் தேய்க்கும் சத்தம். தூரிகையைப் பலகையிலிருந்து எடுத்தேன், நின்றது. தூரிகையைப் பலகையில் வைத்தேன், மறுபடி சர்ர்... எங்கோ நாரை தரையைக் கிளறுகிறது என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த வெட்டவெளியில் ஒரு காக்கை கூட இல்லை.

1.40. போன் அடித்தது. என் தங்கை மெய்னிர். அந்தப் பெருநகரத்தில்தான் இருபது வருஷமாக நர்ஸ் வேலை. கல்யாணம் ஆகவில்லை. எங்கள் மொழியில் பேச அவளுக்கு அங்கே ஆளே கிடையாது. அதனால் தினமும் எனக்குப் போன் செய்து, அரை மணி நேரம் என் உயிரை வாங்குவாள்.

"அக்கா, எங்க இருக்க?"

"ஏரிக்கரையில. வேலை."

"மறுபடியும் அந்த இடிஞ்ச வீடா? சலிக்கலையா உனக்கு?"

"நீ தினமும் இந்தத் தண்ணியத்தானே குடிக்கிற, உனக்குச் சலிக்கலையா?"

மூக்கால் ஒரு சிரிப்புச் சிரித்தாள். அது அவளுக்கு மட்டுமே வரும் சிரிப்பு. பிறகு சட்டென்று கேட்டாள்.

"சரி, பக்கத்துல யாரு?"

"யாரும் இல்லையே."

"பொய் சொல்லாத. யாரோ பொம்பள பேசறது கேக்குது. நம்ம பாஷையில. டீ ஆறிப் போகுதுன்னு சொல்லுது."

திரும்பிப் பார்த்தேன். புல், கல், வெயில். அவ்வளவுதான்.

"உன் காதுல அழுக்கு. வை போன," என்றேன்.

"நீ வை. வெயில்ல நிக்காத அக்கா. தொப்பி போட்டியா?"

"போட்டேன்டி."

அதுதான் நாங்கள் பேசிய கடைசிப் பேச்சு. ஒவ்வொரு சொல்லும் எனக்கு நினைவிருக்கிறது.

2.30-க்கு அந்தப் படியின் கறுப்பு எனக்குச் சரியாக வரவில்லை. எந்த நிறத்தைக் கலந்தாலும் அது வரவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால்தான் ஆகும். போனை வண்ணப் பெட்டிமேல் வைத்துவிட்டு, ஒரு குச்சியால் தரையைத் தட்டித் தட்டி நடந்தேன். தரை கெட்டியாகத்தான் இருந்தது. நாற்பது அடி. படிக்கு முன்னால் போய் நின்றேன்.

இங்கேதான் அந்தத் தப்பைச் செய்தேன்.

எங்கள் பக்கத்தில் யாரும் கதவைத் தட்ட மாட்டோம். கதவைத் தட்டுகிறவன் வெளியூர்க்காரன், இல்லையென்றால் போலீஸ். நாங்கள் கதவைத் தள்ளித் தலையை உள்ளே நீட்டி, "வீட்ல யாருங்க?" என்று குரல் கொடுப்போம். உள்ளேயிருந்து "உள்ள வா" என்று வரும். அதற்குப் பிறகு நுழையாமல் போனால் மரியாதை இல்லை. நுழைந்துவிட்டு, ஒரு டீ குடிக்காமல் கிளம்பினால் அதைவிட அவமரியாதை. பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம். வாசலைப் பார்த்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

விளையாட்டாகத்தான் சொன்னேன்.

"வீட்ல யாருங்க?"

தேய்க்கும் சத்தம் நின்றது.

"உள்ள வா."

பெண் குரல். தெளிவாக, சலிப்பாக, கையில் வேலை இருக்கிறவள் பேசுவது போல.

ஓடியிருக்க வேண்டும். ஆனால் மூளை யோசிப்பதற்குள் கால் படியை மிதித்து உள்ளே போய்விட்டது. ஒரு அடி. இரண்டு அடி. மூன்றாவது அடியில் தரையின் மேல்தோல் உடைந்தது.

பொத்...

இரண்டு காலும் முழங்கால் வரை உள்ளே போயின. சேறு குளிர்ந்து கிடந்தது. ஆகஸ்ட் வெயிலில் அப்படி ஒரு குளிர். காலை இழுத்தேன். இழுக்க இழுக்க இன்னும் உள்ளே போனது. தொடை வரை. குச்சியை ஊன்றினேன், குச்சி முழுசாக உள்ளே போய்விட்டது.

மணி 2.41.

"டில்வின்!" என்று கத்தினேன். அவன் பதினெட்டு மைல் தள்ளிச் சந்தையில் இருந்தான். போன் கரையில். அந்தப் பக்கம் ஆள் நடமாட்டமே கிடையாது. நான் செத்தால் இரவு வரைக்கும் யாருக்கும் தெரியாது.

நான் அடுப்படிச் சுவரைப் பார்த்தபடி சிக்கியிருந்தேன். வாசல் என் முதுகுக்குப் பின்னால். இடுப்பைத் திருப்ப முடியவில்லை. தலையைத் திருப்பினால் தோள் வரைதான் தெரிந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரை நான் எதையும் கண்ணால் பார்க்கவில்லை.

3.05. பின்னால் சர்ர்... சர்ர்... மறுபடி ஆரம்பித்தது.

படியைத் தேய்க்கிறார்கள். நான் மிதித்து வந்த படியை.

"சேத்துக் காலோட வந்துட்டா பாரு," என்றது அந்தக் குரல். "இப்பத்தான் தொடச்சேன்."

"விடு எலென். வரையற பொண்ணு அது." இது ஆண் குரல். வயதான, கரகரத்த குரல்.

"தெரியுது. எத்தன தடவ வரைஞ்சிருக்கா?"

"இதோட முப்பத்தேழு."

"நம்மள ஒரு தடவையாச்சும் வரைஞ்சாளா?"

எங்கோ ஒரு கோப்பை தட்டில் உரசியது. கிளிங்...

கரிப்புகை வாடை வந்தது. எங்கள் மலையில் வெட்டிக் காயவைத்து எரிப்போமே, அந்தக் கரிமண் புகை. என் முன்னால் இருந்த அடுப்பில் நெருப்பு இல்லை. வெறும் வண்டல். ஆனால் முகத்தில் சூடு அடித்தது.

நான் அழுதுவிட்டேன். "என்ன விடுங்க," என்றேன். "வீட்டுக்குப் போகணும்."

"எங்களுக்கும்தான் போகணும்," என்றது பெண் குரல்.

இடுப்பு வரை இறங்கிவிட்டேன். மணி 3.30.

"இது யாரு வீடு?" என்று ஆண் கேட்டான்.

"ஹென்ட்ரெ வென்," என்றேன்.

"வீட்டுப் பேரு எங்களுக்குத் தெரியாதா? யாரு வீடு? இங்க யாரு இருந்தா?"

எனக்குத் தெரியவில்லை. முப்பத்தாறு படம். முப்பத்தாறு தடவை அந்த வாசலை வரைந்திருக்கிறேன். பெயர் ஒன்று கூடத் தெரியவில்லை. எலென் என்று இப்போதுதான் காதில் விழுந்தது. அதையாவது பிடித்துக்கொள்ளலாம் என்று சொன்னேன்.

"எலென்..."

"காதுல விழுந்ததச் சொல்றா," என்று அவள் சிரித்தாள். "இன்னொன்னு சொல்லு. ஒண்ணே ஒண்ணு. சரியாச் சொன்னா போயிடலாம்."

"காத்ரின்?"

"இல்ல."

சர்ர்... சர்ர்... சத்தம் கிட்டே வந்தது. படியிலிருந்து உள்ளே வந்துவிட்டது.

"மேரி?"

"இல்ல."

நெஞ்சு வரை சேறு. மூச்சு விட்டால் விட்ட இடத்தைச் சேறு பிடித்துக்கொண்டது. மறுபடி இழுக்க முடியவில்லை. 4.02... 4.05... கடிகாரக் கையை மட்டும் தலைக்கு மேலே தூக்கி வைத்திருந்தேன்.

என் முதுகில் ஒரு ஈரத் துணி பட்டது.

மெதுவாகத் துடைத்தது. தோளிலிருந்து கழுத்துக்கு. கழுத்திலிருந்து காதுக்கு. அழுக்குப் பிள்ளையைத் துடைப்பது போல.

"சொல்லு," என்றது காதருகே. "டீ ஆறுது."

பயத்தில் நாம் "அம்மா" என்று அலறுவோமே, அப்படித்தான் அலறினேன். என் அம்மா போய் வெகுநாள் ஆயிற்று. எனக்கு இருந்தது ஒருத்திதான்.

"மெய்னிர்!"

துணி நின்றது.

எல்லாச் சத்தமும் நின்றது.

"மெய்னிர்..." என்றாள் அவள். மெதுவாக. வாயில் போட்டுச் சுவைத்துப் பார்ப்பது போல.

"ஆமா," என்றான் அவன். "நம்ம மெய்னிர்."

"இத்தன நாளா எங்க போயிட்டா..." அவள் குரல் தழுதழுத்தது. "இன்னொரு கோப்பை எடுத்து வைங்கப்பா."

4.10.

சேறு தளர்ந்தது.

மல்லாந்து சாய்ந்தேன். கைகளை விரித்துத் தவளை மாதிரி உதைத்தேன். ஒரு கால் வந்தது. பூட்ஸ் வரவில்லை. இன்னொரு கால் வந்தது. படியில் வயிற்றை வைத்து உருண்டு, அந்த நாற்பது அடியையும் கையூன்றித் தவழ்ந்தேன்.

திரும்பிப் பார்க்கவில்லை.

5.20-க்கு டில்வின் வந்தபோது நான் கரைப் புல்லில் கிடந்தேன். கால் வெறுங்கால். உடம்பு முழுக்கச் சேறு.

"அடிப் பாவி! என்ன கோலம் இது?" ஓடி வந்து தூக்கினான். "ஆடு சொன்னா கேக்கும்னு சொன்னேன்ல?"

வண்டியில் போர்வையைச் சுற்றிவிட்டான். ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றினான். அதைக் கண்டதும் எனக்கு வாந்தி வந்தது. பாதி வழி போன பிறகுதான் பேச்சு வந்தது.

"மெய்னிர்கிட்ட சொல்லிடாத. பயந்துடுவா."

"யாருகிட்ட?"

"மெய்னிர்கிட்டடா."

வண்டியை ஓரமாக நிறுத்தினான். என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான்.

"யாரு மெய்னிர்?"

முதலில் கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் அவனோடு வாழ்ந்திருக்கிறேன். அவன் விளையாடும் முகம் எனக்குத் தெரியும். அது அந்த முகம் இல்லை.

கரையிலிருந்து அவன் எடுத்து வந்திருந்த என் போனைப் பிடுங்கிப் பார்த்தேன். அவள் எண் இல்லை. 1.40-க்கு எந்த அழைப்பும் இல்லை. மனப்பாடமாகத் தெரிந்த எண்ணை அழுத்தினேன். அப்படி ஒரு எண் உபயோகத்தில் இல்லை என்று இங்கிலீஷில் ஒரு குரல் சொன்னது.

திங்கட்கிழமை நானே ஓட்டிக்கொண்டு அந்த நகரத்துக்குப் போனேன். அவள் வீட்டுக் கதவைத் திறந்தவர் ஒரு போலந்துக்காரர். பதினொரு வருஷமாக அங்கேதான் இருக்கிறாராம். பாவம், என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் கேட்டேன். அப்படி ஒரு நர்ஸ் அங்கே வேலை செய்ததே இல்லை என்றார்கள். எங்கள் அம்மாவின் கல்லறைக் கல்லில் "லினெட்டின் அன்னை" என்று மட்டும் இருக்கிறது. அந்தக் கல்லுக்கு வாசகம் எழுதிக் கொடுத்ததே மெய்னிர்தான்.

மழை அந்த வாரமே வந்துவிட்டது. செப்டம்பர் முடிவதற்குள் ஏரி சுவர்களை மூடிவிட்டது.

அக்டோபரில் மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். மூழ்கிய சேப்பலின் ஞானஸ்நானப் பதிவேடு அங்கே இருக்கிறது. ஹென்ட்ரெ வென் குடும்பத்தின் பக்கத்தைத் திறந்து வைத்தார்கள். அப்பா கட்வாலடர். அம்மா எலென். பிள்ளைகள் இத்வால், நெஸ்ட்.

அதற்குக் கீழே இன்னொரு பெயர். அதே பழைய பழுப்பு மையில், அதே கையெழுத்தில்.

மெய்னிர். பிறந்தது 1953, மார்ச் 9.

என் தங்கை பிறந்தது 1978-ல். தேதி மார்ச் 9.

அந்தப் பெயர் ஆரம்பத்திலிருந்தே அங்கே இருந்ததா, எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தை அதற்கு முன் நான் புரட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. அவர்கள் கேட்டது அவர்களுடைய பிள்ளையின் பெயரா, இல்லை, நான் கூப்பிட்டதால்தான் அவள் அவர்களுடைய பிள்ளை ஆனாளா? இரவெல்லாம் இதையேதான் கேட்டுக்கொள்கிறேன். நான் உதவிக்குத்தான் கூப்பிட்டேன். கொடுக்கவில்லை. ஆனால் எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது படம் வரைவதில்லை. மெய்னிரை வரைந்து வைத்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். முகம் கைக்கு வரவில்லை. முப்பது வருஷமாக நான் ஆளையே வரைந்ததில்லை.

போன வாரம் டில்வின் எங்கள் கல்யாணப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றித் தூசி தட்டினான். எங்கள் ஊர்ச் சேப்பலுக்குப் பின்னால் மலையடியில் எடுத்த படம். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

"லினெட், இங்க பாரேன். இத இத்தன வருஷமா நான் கவனிக்கவே இல்ல. கைய ஏன் அப்படி வச்சிருக்க?"

படத்தில் டில்வின் என் இடது பக்கம் நிற்கிறான். வலது பக்கம் யாரும் இல்லை. அந்தப் பக்கக் கையைத் தோள் உயரத்துக்கு நீட்டியிருக்கிறேன். விரல்கள் எதையோ இறுக்கிப் பிடித்தபடி மடங்கியிருக்கின்றன. தலையை அந்தப் பக்கம் சாய்த்து, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கைக்குக் கீழே புல்லும் மலையும் மட்டும் தெரிகின்றன.